நிகண்டும் காவியமும்

அமெரிக்காவில் கல்வியின்பொருட்டுத் தங்கிய நம் நாட்டு மாணாக்கரின் தொகை 2023-24ஆம் கல்வியாண்டில் 3,31,602 ஆக உயர்ந்து, சீன தேசத்தாரையும் விஞ்சி முதலிடம் பெற்றது. அவர்களுள் சரிபாதிக்கு மேற்பட்டோர் இங்கே பட்டம் பெற்றபின் மேற்படிப்பை நாடிச் சென்றவர்கள். இது பட்டணவாசிகளை மட்டும் பொறுத்த விஷயமன்று. மலையடிவாரத்திலே வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த களக்காட்டில், தாய்மொழியிலேயே பள்ளிப் படிப்பை முடித்து எஞ்சினீரிங் பட்டம் பெற்ற விவசாயி மகனுக்கும் அந்த ஆசை எழுதல் இயல்பே. கணிதத்தில் அவனுக்கு அச்சமில்லை. அவன் கால் இடறும் இடம் ‘ஜி.ஆர்.இ.’ என்னும் நுழைவுப் பரீட்சையின் ஆங்கிலச் சொற்பகுதி.

அந்தப் பகுதிக்காக நம் வாலிபர்கள் செய்யும் தவம் பெரிது. பாரன்ஸ் பதிப்பகத்தாரின் 3,500 சொற்கள் அடங்கிய பட்டியலை அகர வரிசையிலே உருப்போட்ட தலைமுறைகள் உண்டு. சிறு அட்டைகளில் ஒரு புறம் சொல்லும் மறு புறம் பொருளும் எழுதி நெட்டுருச் செய்வோர் இன்றும் உளர். இதற்கெனப் பயிற்சி நிலையங்களில் கட்டணமும் கட்டுகின்றனர். இவ்வுழைப்பு உரிய பலனைத் தருகின்றதா என்பதே நம் கேள்வி.

சொற்களை மனனம் செய்வது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நம் முன்னோர் நிகண்டை மனப்பாடம் செய்தனர். ஆனால் அவர்கள் நிகண்டோடு நின்றவர்களல்லர். காவியத்துக்குள் புகுவதற்கே நிகண்டு கற்றனர். நம் வாலிபர்களோ நிகண்டை மட்டும் கற்றுக் காவியத்தைத் தொடாமலே பரீட்சை மண்டபத்துக்குச் செல்கின்றனர். பரீட்சை முடிந்த சில வாரங்களில் அச்சொற்கள் நினைவைவிட்டு அகல்வதில் வியப்பென்ன?

பரீட்சை நடத்துவோரே இக்குறையை உணர்ந்தனர் போலும். 1936இல் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு சர்வகலாசாலைகளில் பரிசோதனையாகத் தொடங்கிய இப்பரீட்சையில், எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களும் சொல்லுக்குச் சொல் உவமை காணும் வினாக்களும் நெடுங்காலம் இருந்து வந்தன. 2011 ஆகஸ்டு மாதத்தில் அவ்விரண்டும் நீக்கப்பட்டன. இப்பொழுது வாக்கியத்தின் போக்கை அறிந்து விடுபட்ட சொல்லை நிரப்ப வேண்டும். ஒரு பகுதியைப் படித்து அதன் கருத்தை ஆராய வேண்டும். 2023 செப்டம்பர் முதல் பரீட்சை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. சொற்பகுதிக்கு 27 வினாக்களும் 41 நிமிஷங்களுமே உண்டு. சொல்லின் அகராதிப் பொருளை அறிந்தும் வாக்கியத்தின் நடையை அறியாதவன் அங்கே திகைத்து நிற்பான். பரீட்சை மாறியும் நம் பயிற்சி முறை மாறாதிருப்பது விசனிக்கத்தக்கது.

களக்காட்டு மாணாக்கன் பொருள் அறியாதவனல்லன். ‘எஃபெமரல்’ என்ற சொல்லைக் கண்டு அவன் மருள வேண்டுவதில்லை. நிலையாமைக்கென ஓர் அதிகாரமே குறளில் உண்டு என்பதை அவன் பள்ளியிலேயே அறிவான். ‘லக்கோனிக்’ என்பது சில சொற்களில் விடை பகரும் ஸ்பார்ட்டா நாட்டாரின் லக்கோனியா என்னும் பிரதேசப் பெயரால் வந்தது. நன்னூலார் நூலுக்கு அழகு பத்துக் கூறுமிடத்து முதலில் வைத்த சுருங்கச் சொல்லலுக்கு அது அணுக்கமானது. பொருள் அவன் வீட்டில் இருக்கிறது. புதிய பெயரை அதனோடு பிணைத்துக்கொள்வதே அவன் வேலை. தாய்மொழியில் ஊன்றியவனுக்கு அயல்மொழி எளிதாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அப்பட்டியல்களில் நம்மைத் தலைகுனியச் செய்யும் சொல்லும் ஒன்று உண்டு. பறை கொட்டும் தொழிலால் பெயர் பெற்ற தமிழ்ச் சமூகத்தின் பெயரே ‘பரையா’ என ஆங்கிலத்திற் புகுந்து, ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளில் வழங்குகிறது. ஆங்கிலேயர் அப்பொருளைத் தாமாகக் கற்பித்தவரல்லர். நம் தெருக்களில் கண்டதையே கொண்டு சென்றனர். அச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றையும் சொல்லிக் கற்பிப்பாராக. மனப்பாடத்தில் கிடைக்காத கல்வி அதுவே.

நெல்லை இந்துக் கலாசாலைப் பள்ளியில் ஆங்கிலம் பயின்ற பாரதியார், அக்கல்வியால் தந்தைக்குப் பொருட்செலவும் தமக்குத் தீதும் விளைந்தனவென்று தம் சுயசரிதைச் செய்யுளில் நொந்துரைத்தார். அவரே ஆங்கிலக் கவி ஷெல்லியை விரும்பிப் படித்து ‘ஷெல்லிதாசன்’ எனப் புனைபெயரும் பூண்டார். அவர் வெறுத்தது அயல்மொழியையன்று. உயிரற்ற உருப்போடலையே என்பது இதனால் விளங்கும்.

இனிச் செய்யத்தக்கது யாது? 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி, நம் ஜனங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகின்றனர். அந்தப் பணத்தில் சிற்றூர் நூலகங்களுக்கு நல்ல ஆங்கில வசன நூல்களும், விஞ்ஞானம், சரித்திரம், பொருளாதாரம் பற்றிய சஞ்சிகைகளும் தவறாது வந்து சேர வேண்டும். சென்னைச் சர்வகலாசாலையார் 1963 முதல் 1965 வரை வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற அகராதிகள், மாணாக்கர் கைக்கெட்டும்படி மேசைமேல் இருக்க வேண்டும். கலாசாலை ஆசிரியர்கள் கடைசி ஆண்டில் பட்டியலை நீட்டுவதை விட்டு, முதலாண்டிலிருந்தே நாள்தோறும் இரண்டு பக்கம் படிக்கச் செய்வார்களாயின், நான்காண்டுகளில் சொற்கள் தாமே வந்து குடியேறும்.

மாணாக்கருக்கும் ஒரு வார்த்தை. 2020க்குப் பின் அமெரிக்கச் சர்வகலாசாலைகள் பல இப்பரீட்சையைக் கட்டாயமாகக் கேட்பதை விட்டுவிட்டன. கட்டணமோ 200 டாலருக்கு மேல். நாம் நாடும் துறை அதனைக் கேட்கிறதா என்று முதலில் விசாரித்தறியாமல், பெற்றோரின் ஒரு பருவத்து வாழைக்குலைப் பணத்தைச் செலவிடுதல் விவேகமாகாது.

பிள்ளைகள் கடல் கடந்து செல்வதை நாம் தடுக்க வரவில்லை. பொருளுணர்ந்து கற்றவன் அங்கேயும் தலைநிமிர்வான். திரும்பி வந்தால் இங்கேயும் பயன்படுவான். வெறும் நெட்டுருவால் வென்றவனுக்கு நுழைவுச் சீட்டு மிஞ்சலாம், கல்வி மிஞ்சாது.