படகு யார் பெயரில்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா மண்டபத்தில் காவிரியில் குளித்துவிட்டுப் படியேறும்போது அக்கா மகன் போன் செய்தான். துபாயில் ஒரு பழைய மோட்டார் படகு விலைக்கு வந்திருக்கிறதாம். நம் பணத்தில் 40 லட்சம்.

"நாகப்பட்டினம் பக்கம் நிறுத்திக்கலாம் மாமா. லீவு நாள்ல குடும்பத்தோட போய்ட்டு வரலாம். என் பேர்ல வாங்கினாத்தான் வரி, கம்பெனி பேர்ல வாங்கினா எல்லாம் திரும்பி வந்துடும்னு ஃப்ரெண்ட் சொல்றான். சரிதானே?"

"வராது தம்பி. அட்வான்ஸ் கொடுத்துடாதே, சாயங்காலம் வீட்டுக்கு வா" என்றேன்.

திருச்சி தில்லைநகரில் முப்பது வருடமாக வரிக் கணக்கு பார்க்கிறேன். கார், பங்களா, படகு எதுவானாலும் கம்பெனி பெயரில் எழுதிவிட்டால் வரி கரைந்துவிடும் என்று நம்பி வருகிறவர்களை மாதத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். படித்தவர்களும் அதில் உண்டு. அதனால்தான் அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதல் கணக்கு துறைமுகத்தில். வெளிநாட்டிலிருந்து வரும் படகுக்குச் சுங்கத் தீர்வை உண்டு. அந்தத் தீர்வையையும் சேர்த்த மதிப்பின் மேல் ஐ.ஜி.எஸ்.டி. போடுவார்கள். உல்லாசப் படகுக்கு 28 சதவீதமும் அதற்கு மேல் 3 சதவீத செஸ்ஸும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். மீன்பிடிப் படகுக்கு வெறும் 5 சதவீதம்தான். மீனவருக்குப் படகு சோறு, நமக்கு அது பொழுதுபோக்கு. அந்த வித்தியாசத்தைச் சட்டம் பார்க்கிறது, பார்க்கவும் வேண்டும்.

படகின் விலையோடு கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்துதான் மதிப்பு. அதையெல்லாம் விட்டுவிட்டு 40 லட்சத்தை மட்டும் எடுத்தாலே ஐ.ஜி.எஸ்.டி. 16 லட்சம். "பழசுதானே மாமா, லாபத்துக்கு மட்டும்தானே வரி?" என்று கேட்டான். உள்ளூரில் கார் போன்ற பழைய பொருளை வாங்கி விற்கும் வியாபாரிக்குத்தான் அந்தச் சலுகை. இறக்குமதிக்கு முழு மதிப்பின் மேல் வரி.

இரண்டாவது, 'இன்புட் கிரெடிட்'. கம்பெனி கட்டிய வரியைத் திரும்ப எடுக்கலாம் என்பதுதான் நண்பர் சொன்ன யோசனையின் உயிர். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அந்த இடத்தில் கதவைச் சாத்துகிறது. கப்பல், படகு, விமானம் ஆகியவற்றுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. படகை வாங்கி விற்பது, பயணிகளை ஏற்றுவது, சரக்கு ஏற்றுவது, படகோட்டப் பயிற்சி தருவது ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அக்கா மகன் வைத்திருப்பது பைப் ஃபிட்டிங் கம்பெனி.

அவன் குடும்பத்தோடு படகில் போனால், கம்பெனி சொத்தை டைரக்டர் சொந்தத்துக்குப் பயன்படுத்தினார் என்று வருமான வரியில் தனிக் கேள்வி வரும். நாளைக்குப் படகை விற்றால் கம்பெனியின் விற்பனைக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. வியாபாரம் எதுவும் செய்யாத தனி மனிதர் தன் பழைய படகை விற்றால் அந்தத் தொல்லை இல்லை.

அப்போது அவன் இன்னொரு யோசனை சொன்னான். படகை வாங்காமல், படகை வைத்திருக்கும் துபாய் கம்பெனியின் பங்குகளையே வாங்கிவிட்டால்? உலகம் முழுக்கப் பணக்காரர்கள் செய்வதுதான் இது. ஆனால் படகு இந்தியாவுக்குள் வந்து தங்கும் நாளில் இறக்குமதி வரி வந்தே தீரும். இங்கே வசிப்பவர் வெளிநாட்டுக் கம்பெனிப் பங்கை ரிட்டர்னில் காட்டவும் வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து பழைய கடன். கம்பெனியை வாங்கினால் அதன் பாக்கிகளும் நம் தலையில். படகிலோ, மாலுமியின் சம்பளப் பாக்கி படகையே பிடித்துக்கொள்ளும். விஜய் மல்லையாவோடு சேர்த்துப் பேசப்பட்ட 'இந்தியன் எம்ப்ரஸ்' உல்லாசக் கப்பலை, ஊழியர் சம்பளப் பாக்கிக்காக 2018-இல் மால்டாவில் பிடித்துவைத்து ஏலத்தில் விற்றார்கள். அதே ஆண்டு மார்ச்சில், உல்லாசப் படகுகளை லீஸ் கணக்கில் காட்டி வாட் வரியைக் குறைக்க இடம் கொடுத்ததற்காக மால்டா, சைப்ரஸ், கிரீஸ் மூன்று நாடுகள்மீதும் ஐரோப்பிய ஆணையம் நடவடிக்கை தொடங்கியது. அங்கேயும் காலம் மாறிவிட்டது.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு நடிகர் விஜயின் ரோல்ஸ் ராய்ஸ் கார். 2012-இல் இங்கிலாந்திலிருந்து வந்த காருக்குத் தமிழ்நாட்டின் நுழைவு வரியை எதிர்த்துப் போட்ட மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தள்ளுபடி செய்தது. தனி நீதிபதியின் கடுமையான கருத்துகள் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டன. வெளிநாட்டுப் பொருளுக்கும் நுழைவு வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லியிருந்தது. அந்த வரி இன்று இல்லை, ஜி.எஸ்.டி.யில் கரைந்துவிட்டது. ஆனால் பொருள் எந்த ஊரில் ஓடுகிறதோ அந்த ஊருக்கு வரி என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமும் இல்லை. இதே காவிரி கடலில் சேரும் பூம்புகாரில், சரக்குகளுக்குப் புலி முத்திரை குத்தி உல்கு என்ற சுங்கம் வாங்கியதைப் பட்டினப்பாலை பதிவு செய்திருக்கிறது. பிறகு வந்த முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினான். அவன் ஊருக்கெல்லாம் தவிர்த்தான், அதனால் அது புகழாயிற்று. நான் மட்டும் எனக்குத் தவிர்த்துக்கொண்டால், என் பங்கை மளிகைக் கடைக்காரரும் மீனவரும் சுமக்கிறார்கள்.

அக்கா மகன் துபாய்க்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஆசை இருந்தால் சொந்தப் பெயரில், முழு வரியும் கட்டி வாங்கட்டும், நானே கூட வருகிறேன். நீங்களும் அப்படி ஏதாவது வாங்க நினைத்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: விற்பவரின் உரிமைப் பத்திரம், படகின்மேல் கடனோ சம்பளப் பாக்கியோ இல்லை என்ற சான்று, கஸ்டம்ஸ் புரோக்கர் எழுத்தில் தரும் வரிக் கணக்கு. மூன்றையும் உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுப் பணத்தை எடுங்கள்.