ஜீப்பின் முதுகெலும்பு

மஹிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது 1947-ல். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல். அதனால் இங்கே ஒரு வீட்டுக் கொட்டகையில் தாத்தா காலத்து ஜீப் நின்றால், அது சேலத்தில் பதிவான வண்டியாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அதை வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர்கள் பலரும் பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும்தான் முதலில் செலவழிக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது உயிரைக் காப்பது அவை அல்ல. அடியில் இருக்கும் சேஸிஸும் பட்டை ஸ்பிரிங்கும்தான்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வேண்டும். சின்னச் சுத்தியலால் சேஸிஸை நெடுகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல இரும்பு. சத்தம் மந்தமானால் துருவைச் சந்தேகியுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சேஸிஸின் நான்கு மூலைகளையும் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சேஸிஸ் கோணியிருக்கிறது.

ஸ்பிரிங்கின் நடு போல்ட் ஒடிந்தாலோ, யு-போல்ட் தளர்ந்தாலோ அச்சு நகரும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பட்டைகளைப் பிரிக்கும் முன் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும். புஷ் மாற்றுவதை வீட்டில் செய்யலாம். சேஸிஸ் வெல்டிங்கைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

துருவைத் தேய்க்கும்போது சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் அந்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எண் அழிந்திருந்தால், பட்ட பாடெல்லாம் கொட்டகையிலேயே நின்றுவிடும்.