மெட்ரோ வாசலில் யாருக்கு வீடு?

மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு பக்கம் இருக்கிறவங்களுக்கும், அங்கே வேலைக்கு வந்து போறவங்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். நிதானமா படிங்க.

உங்க ஏரியாவில் இப்போ ரெண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்குது. தரைக்குக் கீழே மெட்ரோ தோண்டுறாங்க. தரைக்கு மேலே, 1970, 80-களில் கட்டின மூணு மாடி ஃபிளாட்டுகளை இடிச்சுட்டு உயரமா புதுசு கட்டுறாங்க. ஒரே தெருவில் நடக்குற இந்த ரெண்டு வேலையும் ஒண்ணையொண்ணு பார்த்துப் பேசிக்கிட்ட மாதிரி எனக்குத் தெரியல.

இதில் டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. இதோட விளைவு எங்க ஓ.பி. வரிசையில் வந்து நிக்குது. அதான்.

முதலில் ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். பழைய கட்டடத்தை இடிச்சுக் கட்டுறதுக்கு நான் எதிரி இல்லை. லிஃப்ட் இல்லாத ரெண்டாவது மாடியில், ரெண்டு முட்டியும் தேஞ்சு போன 75 வயசு அம்மா இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. அவங்க கீழே இறங்குறதே எப்பவாவதுதான். சுகர் மாத்திரையை மகன் வந்து வாங்கிட்டுப் போவார். உள்ளங்காலில் புண் வந்தது அவருக்கும் தெரியாது, உணர்ச்சி இல்லாததால் அம்மாவுக்கும் தெரியாது. எங்ககிட்ட வரும்போது விரல் கறுத்திருக்கும். இப்படி எத்தனை பேரைப் பார்த்துட்டேன்! அந்த வீட்டுக்கு ஒரு லிஃப்ட் இருந்திருந்தால் பல பேருக்கு விரல் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது, கட்டடத்தோட ஆயுள். கடலோரக் காத்து பட்டால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிச்சு உப்பும், காங்கிரீட் பெயர்ந்து விழும். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் இருந்த ஒரு பிளாக் அப்படியே சரிஞ்சது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்னாடியே வெளியே வந்ததால் உயிர் தப்பிச்சாங்க. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பழைய குடியிருப்பின் ஒரு பகுதி விழுந்து ஒரு இளைஞர் இறந்தே போனார். ஆக, இடிச்சுக் கட்டத்தான் வேணும். தனியார் ஃபிளாட்டுகளுக்கும் இப்போ வழி சுலபமாயிடுச்சு. முன்னாடி ஒரு ஓனர் வெளிநாட்டில் உட்கார்ந்துக்கிட்டு கையெழுத்துப் போட மாட்டேன்னா மொத்த வேலையும் நிக்கும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு, மூணில் ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சால் போதும்.

நல்லது. ஆனா இடிச்ச பிறகு அங்கே யார் வர்றாங்க, யார் போறாங்க?

ஃபிளாட் விளம்பரத்தைக் கவனிச்சிருக்கீங்களா? முதல் வரியில் ‘மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரம்’. ரெண்டு வரி தள்ளி ‘ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ரெண்டு கவர்டு கார் பார்க்கிங்’. எனக்கு சிரிப்புதான் வருது. மெட்ரோவுக்கு நடந்து போகப் போறவர் எதுக்குங்க ரெண்டு கார் வாங்குறார்?

அந்தப் பழைய கட்டடத்தில் ஓனர்கள் மட்டும் இல்லை. ஓனருக்கு நிலத்தில் யூ.டி.எஸ். பங்கு இருக்கு. பில்டர் புது வீடு தருவார், கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகையும் தருவார். வாடகைக்கு இருந்தவங்களுக்குக் காலி பண்ணச் சொல்லி ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான். டீச்சர், கிளார்க், லேப் டெக்னீஷியன், கீழே அறையில் இருந்த வாட்ச்மேன் குடும்பம், காம்பவுண்டு ஓரம் இஸ்திரி வண்டி போட்டிருந்த அண்ணன், எல்லாருக்கும் அதே கதைதான். எங்க வார்டில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா மந்தைவெளியில் வருஷக்கணக்கா வாடகைக்கு இருந்தவங்க. இப்போ கூடுவாஞ்சேரி. நைட் டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்பிப் போயிருக்கும்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய். ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. மூணு வழித்தடத்தில் ரெண்டு திருமயிலையில் சந்திக்குது. சுமார் 35 மீட்டர் ஆழத்தில் ஸ்டேஷன், பக்கத்திலேயே பறக்கும் ரயில். இனி சென்னையில் பொதுப் போக்குவரத்துக்கு இதைவிட வசதியான இடம் அதிகம் இருக்காது. அந்த இடத்தில்தான், பொதுப் போக்குவரத்து தேவைப்படாதவங்க குடியேறிக்கிட்டு இருக்காங்க.

அதோட மறுபக்கம் பழைய மகாபலிபுரம் ரோட்டில் இருக்கு.

2000-லிருந்து கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். அடையாறு கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே கொண்டு போய் விட்டாங்க. ஆற்றங்கரையில் இருக்கிறது ஆபத்துதான், மறுக்கல. ஆனா அவங்க வேலை ஆற்றில் அடிச்சுட்டுப் போகலையே! மயிலாப்பூரில் பாத்திரம் தேய்ச்ச அம்மாவுக்கு இன்னும் மயிலாப்பூரில்தான் வேலை. பெரும்பாக்கத்தில் இருந்து சுமார் 20 கி.மீ. காலை ஆறு மணிக்கு ஒரு வீடு, ஏழரைக்கு ஒரு வீடுன்னு இருந்தவங்க, போக்குவரத்து நேரத்தில் ஒரு வீட்டை இழந்தாங்க. அந்த வீட்டுச் சம்பளத்தையும் இழந்தாங்க. 2021 மே-யில் இருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைங்கிறது அவங்களுக்குப் பெரிய உதவி. அந்த பஸ் எப்போ வரும்ங்கிறதுதான் மிச்ச பிரச்சினை.

இப்போ மூணாவது வழித்தடம் அதே ரோட்டு வழியா சிப்காட் வரை போகுது. அஞ்சாவது வழித்தடத்தில் பெரும்பாக்கம்னு ஒரு ஸ்டேஷனும் இருக்கு. சந்தோஷம். ஆனா மனுஷங்களை முதலில் அனுப்பிட்டு, ரயிலைப் பத்து வருஷம், இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அனுப்புறது என்ன கணக்கு? வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு வெறும் 5 கி.மீ. 2008-ல் தொடங்கி, நிலப் பிரச்சினையில் பதினஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்தது. இப்படி ஒரு அனுபவம் இருக்கிற ஊரில் ‘ரயில் வந்துடும், அதுவரைக்கும் சமாளிங்க’ன்னு யாரிடமும் சொல்லக்கூடாது.

எங்க பக்கம் இது எப்படி வருதுன்னு சொல்றேன். பி.பி., சுகர் மாத்திரை 2021 ஆகஸ்டில் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே போகுது. நல்ல திட்டம். ஆனா வாரம் ரெண்டு மூணு தடவை மெஷினில் படுக்க வேண்டிய டயாலிசிஸ் பேஷன்ட் வந்துதான் ஆகணும். ரேடியேஷன் எடுக்கிறவங்க வாரம் அஞ்சு நாள், பல வாரம் வரணும். கூட வர்றவருக்கும் அன்னிக்குக் கூலி போச்சு. முதல் வாரம் ஒழுங்கா வருவாங்க. மூணாவது வாரம் ஒரு நாள் இடைவெளி விழும். அப்புறம் ஆளையே காணோம். போன் பண்ணினா, ‘வீடு மாத்திட்டாங்க சார், தூரமாயிடுச்சு’. கேஸ் ஷீட்டில் நாங்க ‘சிகிச்சையைத் தொடரவில்லை’ன்னு எழுதுவோம். படிக்கிறவங்களுக்கு அது பேஷன்ட்டோட அலட்சியம் மாதிரி தெரியும்.

வீடு கட்டுற விதமும் மருத்துவ விஷயம்தான். மும்பையில் மான்கூர்டு, கோவண்டி பக்கம் மறுகுடியமர்வுக் கட்டடங்களை நடுவில் மூணு மீட்டர் மட்டும் இடைவெளி விட்டுக் கட்டினாங்க. கீழ்த்தள வீடுகளுக்கு வெயிலும் கிடையாது, காத்தும் கிடையாது. அங்கே காசநோய்க்கும் இந்தக் கட்டட அமைப்புக்கும் இருக்கிற தொடர்பை டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பின் ஆய்வு 2018-ல் எடுத்துக் காட்டுச்சு. காசநோய்க் கிருமி வெயிலில் தாங்காது. இருட்டு அறையில் நல்லா தாங்கும். எத்தனை ஆயிரம் வீடு கட்டினோம்னு சொல்றப்போ, ஜன்னலுக்கு எதிரில் என்ன இருக்குன்னும் சொல்லணும்.

சரி, பணக்காரர், ஏழை யாரா இருந்தாலும் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கணும் இல்லையா? அதுக்கு வருவோம். திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் 1997-ல் வந்தது. கோட்டை மாதிரி பெரிய கட்டடம், உள்ளே பாதி இடம் இருட்டு. இன்னிக்கும் ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு பெண் தனியா அந்தப் படியில் இறங்க யோசிக்கிறாங்க. இதுக்கு நேர்மாறா தி.நகர். அந்த ஊர் ரயிலை ஒட்டி வளர்ந்த ஊர். 1920-களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டாங்க, 1931-ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் வந்தது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கினாங்க. 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அரை கி.மீ.க்கு மேல ஆகாய நடைபாதை போட்டாங்க. மக்கள் நடக்கிறாங்க. வயசானவங்களும் நடக்கிறாங்க. ‘தினமும் அரை மணி நேரம் நடங்க’ன்னு நான் சீட்டில் எழுதுறதுக்கு அங்கே அர்த்தம் இருக்கு. மத்த தெருக்களில் அப்படி எழுதவே பயமா இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர், குப்பைத் தொட்டி, புது ஃபிளாட்டோட கார் ஏறுறதுக்குப் போட்ட சரிவு, அதைத் தாண்டி ரோட்டில் இறங்கினால் பைக். வயசானவங்க விழுந்தால் இடுப்பு எலும்புதான் முறியும். பல நாடுகளின் கணக்குப்படி, அப்படி முறிஞ்சவங்களில் அஞ்சில் ஒருத்தர் அளவுக்கு ஒரு வருஷத்துக்குள்ளேயே இறந்து போறாங்க.

‘மயிலாப்பூரில் ஒரு கிரவுண்டு என்ன விலைன்னு தெரியுமா டாக்டர், அங்கே போய் ஏழைக்கு வீடா?’ன்னு கமெண்டில் கேட்பீங்க. தெரியும். ஆனா அந்த விலை ஏறினதில் ஒரு பங்கு 63,246 கோடியால் வந்தது. அது உங்க வரியும் என் வரியும், பெரும்பாக்கத்து அம்மா வாங்குற சோப்பு மேல போட்ட வரியும் சேர்ந்தது. கூடுதல் மாடிக்கு பில்டரிடம் அரசு பிரீமியம் வாங்குது. பெரிய திட்டங்களிடம் ஷெல்டர் கட்டணமும் வாங்குது. அந்தப் பணம் அதே ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வாடகை வீடா திரும்பி வரணும்ங்கிறது என் கருத்து. நிலம் இல்லையா? மந்தைவெளி பஸ் டெர்மினஸை வணிக வளாகத்தோட சேர்த்துக் கட்டுற திட்டம் இருக்கு. கடைக்கும் ஆபீஸுக்கும் மாடி கிடைக்கிற இடத்தில் கண்டக்டருக்கும் நர்ஸுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ரெண்டு மாடி கிடைக்காதா? வாடகை வாங்கிக்கிட்டே கொடுக்கட்டும், யாரும் இலவசம் கேட்கல.

சிங்கப்பூரை எதுக்கெடுத்தாலும் உதாரணம் சொல்றது நம்ம ஊர் வழக்கம். இதிலும் சொல்றேன். அங்கே 1995-லிருந்து பழைய அரசுக் குடியிருப்புகள் சிலதை மொத்தமா இடிச்சுக் கட்டும்போது, குடியிருக்கிறவங்களுக்குப் பக்கத்திலேயே மாற்று வீட்டைக் கட்டி வெச்சுட்டு அப்புறம்தான் இடிப்பாங்க. குறை சொல்றவங்க அங்கேயும் உண்டு. ஆனா வேலை, ஸ்கூல், ஆஸ்பத்திரி எதுவும் அறுந்து போறதில்லை.

பெருநகர வளர்ச்சிக் குழுமத்தோட இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான். அடுத்தது 2046 வரைக்கும் போகும். ஒவ்வொரு ஸ்டேஷனையும் சுத்தி இத்தனை சதவீதம் குறைந்த வாடகை வீடு, இத்தனைக்கு மேல கார் பார்க்கிங் கூடாது, இவ்வளவு அகலத்தில் நடைபாதைன்னு அதில் எழுத்தில் வரலைன்னா, இன்னும் இருபது வருஷத்துக்கு இதே ஓ.பி. வரிசைதான்.

உங்க அசோசியேஷனில் இடிச்சுக் கட்டுற பேச்சு ஓடுதுன்னா, பில்டரோட வரைபடத்தை வாங்கிப் பாருங்க. கார் ஏறுற சரிவு நடைபாதையை வெட்டுதா, சக்கர நாற்காலி லிஃப்ட் வரைக்கும் படி இல்லாமல் போகுதா, கீழ்த்தளத்தில் வாட்ச்மேனுக்கும் வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கும் கழிப்பறை இருக்கான்னு கேளுங்க. கடைசிக் கேள்வியைச் சும்மா சேர்க்கல. பகல் முழுக்கத் தண்ணி குடிக்காமல் அடக்கி வெச்சு, யூரினில் இன்ஃபெக்‌ஷனோட வர்ற வீட்டு வேலைக்காரம்மாக்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். கோடி ரூபாய் ஃபிளாட்டில் வேலை பார்க்கிறவங்கதான்.