பூர்வீக ஊருக்குப் பணம் மட்டும் போதுமா?



நம் வணிகர் குடும்பங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வியாபாரம் நிலைத்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் பூர்வீக ஊரை நினைத்துக்கொள்வோம். கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட், பள்ளிக்கூடத்திற்கு ஒரு பீரோ, திருவிழாவுக்கு ஒருநாள் அன்னதானம் என்று கொடுப்போம். ட்யூப் லைட்டின் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு அதன்மேல் உபயதாரர் பெயர் எழுதியிருக்கும் என்பது வேறு விஷயம். கொடுக்கும் கையை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஊருக்கு நம் பணம் போகிறது. நம் பிள்ளைகள் போவதில்லை. வருஷத்தில் ஒருநாள் காரில் போய், குலதெய்வத்திற்குப் பொங்கல் வைத்து, இருட்டுமுன் திரும்பிவிடுகிறோம். அந்த ஊரில் இன்னும் இருக்கும் பங்காளி ஒருவரின் பெயர்கூட நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் நாற்பது ஆண்டுகளாகப் புளியும் சிறுதானியமும் மொத்த வியாபாரம் செய்துவரும் நாம் இதைப் பற்றி ஒரு யோசனையை உறுப்பினர்கள் முன் வைக்க விரும்புகிறோம். படிப்பை முடித்த பிள்ளைகளை இரண்டு மாதமாவது பூர்வீக ஊருக்கு அனுப்பி, அங்கே கூலி வாங்காமல் உழைக்க வைக்க வேண்டும். ஊருக்கு உபகாரம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இதில் பெரிய லாபம் பிள்ளைக்கே என்பதுதான் நம் கருத்து.

இது புதிய யோசனை அல்ல. ஆர்மீனியர்கள் இதைச் செய்துவருகிறார்கள். ஆர்மீனியர் என்றதும் யாரோ என்று நினைக்க வேண்டாம். சரக்கு எடுக்க சென்னை பாரிமுனைக்குப் போகிறவர்கள் அரண்மனைக்காரன் தெருவைத் தாண்டித்தான் போகிறோம். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியன் தெரு என்பதே நம் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகள். அவர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பவர் 1726இல் தம் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். இன்று அந்த இடத்தில் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. பாரசீகத்தில் ஆர்மீனியர் குடியேறிய ஜூல்ஃபா என்ற ஊரில் பிறந்தவர் அவர். 1751இல் சென்னையில் காலமானார். உடலை இங்கே அடக்கம் செய்தார்கள். அவர் விருப்பப்படி இதயத்தை மட்டும் பிறந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்பது வரலாறு. ஆர்மீனிய மொழியில் உலகிலேயே முதல் பத்திரிகை வெளிவந்ததும் சென்னையில்தான், ஆண்டு 1794. எங்கே கடை வைத்தாலும் அவர்கள் மனம் ஊரிலேயே இருந்தது.

பிறகு 1915இல் துருக்கியரின் ஆட்சியில் நடந்த படுகொலையில் லட்சக்கணக்கான ஆர்மீனியர்கள் மாண்டார்கள். தப்பியவர்கள் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். 1991இல் ஆர்மீனியா சுதந்திர நாடானது. இன்று அங்கே சுமார் 30 லட்சம் பேர் இருக்கிறார்கள்; வெளிநாடுகளில் வாழும் ஆர்மீனியர் அதைவிட அதிகம். அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக 2003இல் 'பர்த்ரைட் ஆர்மீனியா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தாத்தா பாட்டியில் ஒருவராவது ஆர்மீனியராக இருந்தால், இளைஞர்கள் அங்கே சென்று தங்கி, பள்ளியிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ சம்பளமில்லாமல் வேலை செய்யலாம். உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கலாம், தாய்மொழியைக் கற்கலாம். இதில் ஒரு ஷரத்து நம் வியாபார புத்திக்குப் பிடித்திருக்கிறது. பயணச் செலவை முன்கூட்டித் தருவதில்லை. குறித்த வாரங்கள் உழைத்து முடித்தவர்களுக்கே திருப்பித் தருகிறார்கள். சரக்கு வந்து சேர்ந்த பிறகு பட்டுவாடா! போனவர்களில் சிலர் அங்கேயே தங்கித் தொழிலும் தொடங்கியிருக்கிறார்கள். இறந்தபின் இதயத்தை அனுப்பினார் அன்றைய வியாபாரி. உயிரோடு இருக்கும்போதே கை கால்களை அனுப்புகிறார்கள் இன்றைய பிள்ளைகள்.

நம் தமிழக அரசும் 2023இல் 'வேர்களைத் தேடி' என்ற திட்டத்தைத் தொடங்கி, அயல்நாட்டுத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து நம் ஊர்களைக் காட்டுகிறது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் பார்ப்பது வேறு, பாடுபடுவது வேறு. சுற்றுலா வந்தவன் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போவான். இரண்டு மாதம் வேலை செய்தவன், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று தெரிந்துகொண்டு போவான்.

சொந்த ஊருக்குத் திரும்பி உழைப்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தைச் சேர்ந்த இளங்கோ, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். 1996இல் ஊராட்சித் தலைவராகி, வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் இரட்டை வீடுகளைக் கட்டிக் காட்டினார். கெட்டும் பட்டணம் சேர் என்ற நாட்டில், படித்தும் கிராமம் சேரலாம் என்று காட்டியவர் அவர்.

இனி நம் ஊர் விஷயத்திற்கு வருவோம். நம் உறுப்பினர்களில் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. கல்வராயன் மலையடிவாரத்தையே பூர்வீகமாகக் கொண்டவர்களும் உண்டு. கச்சிராயபாளையம் பக்கமும் சங்கராபுரம் பக்கமும் மூட்டை சுமந்து தொடங்கிய குடும்பங்கள் இன்று கடைத்தெருவில் இருக்கின்றன. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. அங்கிருந்து வரும் புளியும் கடுக்காயும் சாமையும் தேனும் நம் மண்டிகளை நிரப்பின. ஆனால் மலைக்கும் நமக்கும் உள்ள உறவு தராசுத் தட்டோடு நின்றுவிட்டது. 2024 ஜூனில் கள்ளச்சாராயத்தால் நம் ஊரில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான் நாடே கல்வராயன் மலையைத் திரும்பிப் பார்த்தது. மலைமக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பக்கத்தில் இருக்கும் நாம் அதற்குமுன் எத்தனை முறை வெள்ளிமலை வரை போயிருப்போம்? அருவியில் குளிக்கப் போனதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவரின் மகன், பொறியியல் முடித்து வேலைக்கான உத்தரவுக்குக் காத்திருந்தான். தாத்தாவின் ஊர் மலையடிவாரம். சும்மா இருக்காதே என்று தகப்பனார் அங்கே அனுப்பினார். புளி சீசன் நேரம். காலையில் பெண்களோடு உட்கார்ந்து புளி தட்டி, கொட்டையும் நாரும் எடுத்தான். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். சுய உதவிக் குழுவின் நோட்டில் வரவு செலவு எழுதிக் கொடுத்தான். முதல் வாரம் கை விரலெல்லாம் வெடித்துவிட்டது. திரும்பி வந்தவன் தகப்பனாரிடம் கேட்ட முதல் கேள்வி: "ஏம்ப்பா, ஒரு கிலோ புளியில கொட்டை எடுக்க எவ்ளோ நேரம் ஆவுது தெரியுமா?" கடையில் முப்பது வருஷம் புளி விற்ற அவருக்கு அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இதைத்தான் லாபம் என்கிறோம். எந்தப் படிப்பிலும் இது கிடைக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. விலைக்குப் பின்னால் மரம் ஏறியவனின் உயிர்ப்பயம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிள்ளை எடையில் கைவைக்க மாட்டான். தனக்குத் தெரியாததை வயதில் சிறியவரிடமும் கேட்டுக் கற்றுக்கொள்வான். பஸ் வராத நாளில் பொறுமையாக நடப்பான். போட்ட சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிடுவான். 'நான் யார் வீட்டுப் பிள்ளை' என்ற கேள்விக்குக் கல்லாப்பெட்டியைக் காட்டாமல் பதில் சொல்லத் தெரிந்துகொள்வான். அப்படிப்பட்டவன் பெங்களூரில் வேலை பார்த்தாலும் சரி, நம் கடையில் உட்கார்ந்தாலும் சரி, முன்னைவிட முழு மனிதனாக இருப்பான்.

சீசன் நேரத்தில் கடைக்கு ஆள் வேண்டுமே, பெண்பிள்ளைகளை எப்படித் தனியே அனுப்புவது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விகளே. கல்யாணம், காய்ச்சல் என்றால் கடையைச் சமாளிக்கிறோம், இதற்கும் சமாளிக்கலாம். பெண்பிள்ளைகள் இரண்டு பேராக, உறவினர் வீட்டில் தங்கிச் செய்யட்டும். இன்னொரு பயம் நமக்கே உண்டு: பட்டணத்துப் பிள்ளை போய் ஊர்க்காரர்களுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவானோ என்பது. ஆகவே முதல் மாதம் கேட்ட வேலையை மட்டும் செய்ய வேண்டும். யோசனை சொல்வது இரண்டாம் மாதத்தில்தான்.

சங்கத்திற்கு நம் வேண்டுகோள் இது. வரும் ஆண்டில் ஐந்து பிள்ளைகளோடு தொடங்குவோம். அவரவர் பூர்வீக ஊரோ, மலையில் ஒரு கிராமமோ, ஏதாவது ஒன்று. பேனர் வேண்டாம், போட்டோ வேண்டாம், பொன்னாடை வேண்டாம். என்ன வேலை வேண்டும் என்பதை ஊர்க்காரர்களே சொல்லட்டும். தினமும் செய்த வேலையை ஒரு சிட்டையில் எழுதிவரட்டும். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் இரண்டு மாதம் முடிந்த பிறகு சங்கம் கொடுக்கட்டும். திரும்பி வந்த பிள்ளை அடுத்த மாதக் கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசட்டும். நாம் அனைவரும் உட்கார்ந்து கேட்போம். முதலில் எந்த வீட்டுப் பிள்ளை போகிறது என்பதை அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுவோம்.