இல்லமும் உள்ளமும்: ஊசிக்கும் ஒரு வேளை



நம் சங்கத்துக் குடும்பங்களில் எந்த வீட்டுக்குச் சென்றாலும், டிரங்குப் பெட்டியின் அடியிலோ பரணிலோ முடிவுறாத கைவேலை ஒன்று இருக்கக் காண்கிறோம். பாதிக் கிளி மட்டும் தைத்த மேட்டித் துணியாக இருக்கலாம். கைப்பிடி போடாமல் நின்றுபோன ஒயர் கூடையாக இருக்கலாம். நான்கு விரற்கடை அளவே பின்னிய குரோஷா ஓரமாகவும் இருக்கலாம். இது யார் செய்தது என்று வினவினால், "அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னே செய்தது, இப்போது அதற்கு நேரம் ஏது?" என்று அவ்வீட்டு அம்மையார் சிரித்துக்கொண்டே விடை கூறுவார். அச்சிரிப்பின் அடியில் சிறிது வருத்தமும் இருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் அறிவர். "நேரம் ஏது?" என்னும் அவ்வினாவையே இம்மாதம் ஆராய எண்ணினோம்.

கைவேலை வெறும் பொழுதுபோக்கே என்று கருதுவோர் உளர். கடைத்தெருவில் சொற்ப விலைக்குப் பூப்போட்ட உறையும் விரிப்பும் கிடைக்கும்போது, கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைப்பானேன் என்பது அவர் கேள்வி. விலைக் கணக்கை மட்டும் பார்த்தால் அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்குரிய விடை வேறெங்கும் இல்லை. நம் மட்டாஞ்சேரியிலேயே இருக்கிறது.

யூதத் தெருவில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி ஜெபாலயத்திற்குச் செல்லும் சந்தில், சாரா கோஹன் அம்மையாரின் பூத்தையல் கடையை நம்மில் பலர் கண்டிருக்கலாம். யூதர் அணியும் கிப்பா என்னும் சிறு தொப்பி, ஓய்வுநாள் விருந்தில் ரொட்டியை மூடும் துணி, மேசை விரிப்பு ஆகியன அங்கே விற்கப்பட்டன. 1948-இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின் கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டனர். தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாய் வெறிச்சோடின. எஞ்சியோரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்னும் நிலை வந்தது. அந்நிலையிலும் அம்மையாரின் கடை மூடப்படவில்லை. 2019 ஆகஸ்டு 30-ஆம் நாள் தமது 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். அக்குடும்பத்தோடு பல்லாண்டு பழகிய முஸ்லிம் அன்பர் ஒருவர் அவருக்குப்பின் அக்கடையைப் பேணும் பொறுப்பை ஏற்றார்.

"பரதேசி" என்னும் சொல்லை நாம் ஏளனமாக வழங்கிவிட்டோம். அயல் தேசத்திலிருந்து வந்தவர் என்பதே அதன் பொருள். அப்பொருளின்படி பார்த்தால், பிழைப்பின் பொருட்டு இவ்வூர் வந்த நாமும் பரதேசிகளே. ஒரு சமூகம் சுருங்கிப் போனபின்னும் அதன் வழிபாடும் விருந்தும் எவ்வாறிருந்தன என்பதை ஒரு துணியின் ஓரத்தில் தைத்த எழுத்துக்கள் சொல்லிக்கொண்டிருந்தன அல்லவா? அச்சிட்ட துணியைச் சரக்கென்று மட்டுமே சொல்லலாம். தன் கையால் தைத்த துணியோ, தைத்தவர் யார், எவ்வூரார், யாரிடம் கற்றார் என்பதையும் உடன் கொண்டு வருகிறது.

யூதரிடம் மட்டுமே இப்பெருமை உண்டு என எண்ணற்க. கோட்டைக் கொச்சியில் வெளி மைதானத்தின் அருகேயுள்ள சலவைத் துறைக்குச் சென்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைப்போர் நம் தமிழ்க் குடும்பத்தினர். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அம்முறுக்கின் இடையே துணியின் நுனியைச் செருகிவிடுகின்றனர். கவ்வி ஒன்றும் இல்லாமலே கடற்காற்றிலும் துணி பறப்பதில்லை. எந்த நூலிலும் படித்துக் கற்ற வித்தையன்று அது. கையிலிருந்து கைக்கு வந்தது.

கைவேலை மனித வாழ்வை எவ்வளவு தூரம் மாற்றவல்லது என்பதற்கு நம் தென்கோடியிலேயே சான்று உண்டு. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் என்னும் லண்டன் மிஷன் பாதிரியாரின் துணைவியார் மார்த்தா அம்மையார், 1820-களில் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855-இல்தான் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டனர். மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடி சேர்ந்தார். அங்கும் அப்பின்னல் வேலை பரவிற்று. கணவர் திராவிட மொழிகளின் இலக்கணத்தை ஒப்பிட்டு ஆராய்ந்த ஊரில், மனைவி பெண்களின் விரல்களுக்குப் புதியதொரு தொழிலைப் பழக்கினார். முன்னதை நாம் அடிக்கடி மேடையில் பேசுகிறோம். பின்னதைப் பேசுவோர் மிகக் குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆந்திரத்தில் கோதாவரிப் பகுதியைச் சேர்ந்த நரசாபுரத்திலும் மிஷனரிகள் வழியே லேஸ் வேலை வேரூன்றியது. அங்கு வீட்டிலிருந்து பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். சமையலும் பிள்ளை வளர்ப்பும் போக, நாள்தோறும் பல மணி நேரம் அப்பெண்கள் பின்னினர். பொருள் அயல்நாடு சென்றது. ஆதாயம் வணிகரைச் சேர்ந்தது. பின்னியவருக்குக் கிடைத்ததோ அற்பக் கூலி. காரணம் என்ன? அவர்களைத் தொழிலாளர் என்று எவரும் கருதவில்லை. "வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது" என்று கூறியே கூலியைக் குறைத்துவிட்டனர். ஆகவே, கைவேலையைப் பற்றிப் பேசும்போது "ஓய்வு நேரம்" என்னும் சொல்லை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். விற்பதற்காகச் செய்தால் அது தொழில். உரிய கூலி கேட்க வேண்டும். தன் மனநிறைவிற்காகச் செய்தால் அது அவருடைய உரிமை. உரிய நேரம் கொடுக்க வேண்டும்.

நேரம் உண்மையாகவே இல்லையா? மத்திய அரசு 2019-ஆம் ஆண்டில் மக்கள் தம் பொழுதை எவ்வாறு கழிக்கின்றனர் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டனர். அத்தகைய வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024-இல் மீண்டும் எடுத்த கணக்கில் அவை முறையே 289, 88 என்று ஆயின. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது நல்ல செய்தியே. ஆனால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு இன்னும் 201 நிமிடம், அதாவது மூன்று மணி இருபத்தொரு நிமிடம். "நேரம் ஏது?" என்று நம் இல்லத்தரசியர் கேட்பது சோம்பலால் அன்று. அந்த நேரம் எங்கே போயிற்று என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது.

நாம் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவராதலால் ஓர் உவமை தோன்றுகிறது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக வரும் வண்டிகள் எவ்வாறு ஊர் போய்ச் சேருகின்றன? இன்ன வண்டி இன்ன நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும், இன்ன வண்டி கடந்து செல்ல வேண்டும் என்று கால அட்டவணையிலேயே எழுதி வைக்கிறார்கள். அட்டவணையில் இடம்பெறாத சரக்கு வண்டியோ, மற்றவை யாவும் போகட்டும் என்று லூப் லைனில் மணிக்கணக்காய் நிற்கிறது. நம் வீடுகளில் பெண்களின் கைவேலை அந்தச் சரக்கு வண்டியைப் போன்றது. கணவனின் அலுவல், பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருந்து, விருந்தினர் வருகை ஆகிய எல்லாம் கடந்து சென்றபின் தடம் காலியானால் அதற்கு வழி கிடைக்கும். தடம் என்றைக்குக் காலியாவது? ஆகவே, நேரம் தானாகக் கிடைக்கும் என்று காத்திராமல், குடும்பத்தார் கூடி அதற்கென ஒரு வேளையை அட்டவணையில் எழுதிவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

எவ்வளவு நேரம் வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். குறுக்குத் தையலுக்குரிய துணியில் ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம் உள்ள வகை ஒன்று உண்டு. அதில் ஐந்து அங்குலச் சதுரம் முழுவதையும் நிரப்ப 70-ஐ 70-ஆல் பெருக்கினால் 4,900 தையல் ஆகும். நிமிடத்துக்கு ஐந்து தையல் என்று நிதானமாகவே வைத்துக்கொண்டாலும், அரை மணியில் 150 முடியும். நாள்தோறும் அரை மணி என்றால் முப்பத்துமூன்று நாளில் வேலை நிறைவுறும். நம் சங்க இதழ் ஒன்று வந்து அடுத்தது வருவதற்குள் ஏறக்குறைய ஒரு படம் முடிந்துவிடும். மலைபோல் தோன்றும் வேலை அரை அரை மணியாகப் பிரிக்கும்போது கைக்கு அடங்கிவிடுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. குறுக்குத் தையலில் கோலத்தைப் போலவே எண்ணிக்கையே முதன்மை. நீலகிரியில் வாழும் தோடர் குலப் பெண்கள், வெண்பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமான நூல்கொண்டு, துணியின் இழைகளை எண்ணி எண்ணியே தைக்கின்றனர். துணிமேல் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. அவ்வேலைப்பாட்டிற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணித் தைக்கும் வேலையை நடுவில் விட்டு எழுந்து அடுப்பைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். குடும்பப் பெண்ணுக்கு இதனினும் ஏற்ற கலை அரிது.

நடைமுறைக்கு உதவும் சில குறிப்புகளைக் கூறுகிறோம். ஆறு இழை கொண்ட நூலில் இரண்டிழையோ மூன்றிழையோ பிரித்துக்கொண்டு தைக்க வேண்டும். நூல் முழ நீளத்துக்கு மிகுந்தால் சிக்கும். துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டு அங்கிருந்து தொடங்கினால் படம் ஒருபுறம் ஒதுங்காது. எல்லாத் தையல்களிலும் மேற்குறுக்கு ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அழகின் இரகசியம் அதுவே. சிவப்பு நூலும் கறுப்பு நூலும் சாயம் விடக்கூடும். சிறு துண்டை நனைத்துப் பார்த்துவிட்டுத் தைப்பது நலம். இவ்வூர் மழைக்காலத்தில் ஊசி எளிதில் துருவேறும். முகப் பவுடர் தூவிய துணியில் செருகி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் கெடாது. தையலில் மனம் செல்லாதவர் ஒயர் கூடை பின்னலாம். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு ஆகியவற்றை அறிந்த மூதாட்டியர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் கை ஓய்வதற்குமுன் நம் பெண்மக்களும் ஆண்மக்களும் கற்றுக்கொள்ள வேண்டும். ஊசி பிடித்தால் ஆண்மை குறையும் என்பது பேதைமை. ஊரெங்கும் தையற்கடை நடத்துவோர் ஆண்களல்லரோ?

கணவன்மாருக்கு ஒரு சொல். மனைவிக்கு நூலும் துணியும் வாங்கிக் கொடுப்பது எளிது. அரை மணி கொடுப்பதே அரிது. இரவு உணவுக்குப்பின் பாத்திரம் துலக்கும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அந்த அரை மணி அங்கேயே பிறந்துவிடும். அவ்வேளையில் "என் சட்டை எங்கே? சாவி எங்கே?" என்று குரல் கொடுக்காமலிருப்பதும் உதவியே. ஒற்றை அறை வீட்டில் விளக்கின் அடியிலுள்ள இடம் யாருக்கு என்பது சிறிய செய்தி அன்று. அந்த இடம் நாள்தோறும் சிறிது நேரமேனும் அவருக்கு உரியதாகட்டும்.

மாமியார்மாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மருமகள் ஊசியோடு அமர்ந்திருக்கக் கண்டால், வேலையில்லாமல் இருக்கிறாள் என்று எண்ணவேண்டா. அருகில் அமர்ந்து, நீங்கள் ஊரில் கற்ற பின்னலைச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்று வருகின்றனர். தாயிடமும் பாட்டியிடமும் கற்க வேண்டியவையும் சில உண்டு. துணியின் மூலையில் தம் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் தைக்கும் குழந்தை, அவ்வெழுத்தை எளிதில் மறவாது.

இம்மாத நாட்காட்டியை எடுத்து, எந்த அரை மணி எவருக்கு என்று வீட்டார் எல்லோரும் கூடி இன்றே குறித்துவிடுங்கள். ஒரு மாதம் அவ்வாறு நடந்த குடும்பத்தார், எது கைகூடிற்று, எது இடையூறாயிற்று என்பதை நமக்கு எழுதினால், பிறர்க்குப் பயன்படுமாறு இப்பகுதியில் வெளியிடுவோம்.