துண்டு விழுது - 6: கோச்சுக்காதீங்க!

ரெண்டு அசைன்மென்ட், கூடவே கடையில ஷிப்ட்டு, ஆணி ரொம்ப அதிகம். அதான் இந்தப் பக்கம் தலை காட்டல.

20ந்தேதிக்கு மேல என் பேங்க் கணக்குல காத்துதான் வீசுதுன்னு போன பதிவுல புலம்பினேன் இல்லையா? ஒரு நண்பர் தனிமடல்ல, "மணி கோச் யாரையாவது போய்ப் பாருங்களேன்"னு சொல்லியிருந்தார். (கவுண்டமணி இல்லீங்க, பணம் :-) ) முதல் சந்திப்பு இலவசமாம். விடுவோமா?

ஒரு அம்மணி. வட்டி, பங்குன்னு ஆரம்பிப்பாங்கன்னு நோட்டும் பேனாவுமா உக்காந்தேன். "போன வெள்ளிக்கிழமை எவ்ளோ செலவு பண்ணீங்க? ஏன்?"னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தா, எட்டு பேர் சாப்பிட்ட பில்லை நான் ஒருத்தனே கட்டியிருக்கேன். பங்கு கேக்கக் கூச்சம். வாரம் பூரா "ஒரு காப்பி 350 ரூவாயா!"ன்னு கணக்குப் பாத்துட்டு, வெள்ளிக்கிழமை வீராப்புக்கு 90 பவுண்டு காலி. ஒரு மாசம் செலவை எழுதிட்டு வரச் சொன்னாங்க. தொகை மட்டுமில்ல, அந்த நேரம் மனசு எப்படி இருந்துச்சுங்கறதையும்.

அடுத்த தடவை நான் கேட்டேன்: "ஜனவரில கட்ட வேண்டிய காலேஜ் பீஸ் 4000 பவுண்டு சும்மா கெடக்கு. அதுவரைக்கும் எதுல போடலாம்?" அப்பா ஊர்ல கையெழுத்துப் போட்டு வாங்கின கல்விக் கடன் அது.

"பாண்டுன்னா என்ன, பண்டுன்னா என்னன்னு விளக்கலாம். 'நீங்க இதை வாங்குங்க'ன்னு சொல்லக் கூடாது. அதுக்கு எனக்கு அனுமதி இல்லை"ன்னுட்டாங்க. இதுக்கா காசுன்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தேன்.

அன்னிக்கு ராத்திரி வாட்சப் குரூப்புல இன்னொரு 'கோச்' சிக்கினார். கேட்டதும் கம்பெனி பேரு, மாசம் 4 சதவீதம் கியாரண்டி, கணக்கு நம்பர் எல்லாம் கடகடன்னு வந்துச்சு. அனுப்பப் போற நேரத்துலதான் உறைச்சுது: அந்தம்மா சொல்லவே கூடாதுன்னதை இவர் எப்படிச் சொல்றார்? எப்சிஏ பதிவேட்டுல தேடினேன். ஆளும் இல்ல, கம்பெனியும் இல்ல. குரூப்பை விட்டு ஓடி வந்துட்டேன். பீஸ் கட்டியாச்சு.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். பிரிட்டன்ல 2000ம் வருசச் சட்டப்படி, இன்ன முதலீட்டை வாங்கு, வில்லுன்னு தொழிலா யோசனை சொல்ல எப்சிஏ அனுமதி வேணும். இல்லாம சொன்னா 2 வருசம் வரைக்கும் ஜெயில். அனுமதி உள்ளவர் தப்பா யோசனை சொன்னா நிதி ஆம்புட்ஸ்மேன்கிட்ட இலவசமா முறையிடலாம். அந்தக் கம்பெனியே மூழ்கிட்டாலும், முதலீட்டு ஆலோசனைக்கு 85,000 பவுண்டு வரைக்கும் ஈடு கேக்க வழி இருக்கு. 2012 கடைசியோட, முதலீட்டு யோசனைக்குக் கம்பெனிகள்கிட்ட கமிஷன் வாங்கறதையும் நிறுத்திட்டாங்க. பீஸ் நாமதான் கட்டணும். கோச்சுக்கு இதெல்லாம் கிடையாது. யாரு வேணா போர்டு மாட்டலாம்.

அதுக்காகக் கோச்சுன்னாலே டுபாக்கூருன்னு சொல்ல வரல. 4000 பவுண்டை எங்க போடறதுங்கறது என் பிரச்சினையே இல்ல, 90 பவுண்டு எங்க போகுதுங்கறதுதான். அதைக் காட்டினது அந்தம்மாதான். தனக்கு எல்லை எதுன்னு தெரிஞ்ச கோச் நல்ல கோச். "இதுல போடு"ன்னு வாயைத் தொறந்தா, உடனே பதிவேட்டைப் பாருங்க.

போன வெள்ளிக்கிழமை, "ஆளுக்கு 11 பவுண்டு எடுங்கடா"ன்னு சொல்லியே விட்டேன். ஒருத்தன் மட்டும் கோச்சுக்கிட்டான். பாவம், அவனுக்கும் 20ந்தேதி காத்துதான் போல!

டிஸ்கி: இது அனுபவம், அட்வைஸ் இல்ல. எனக்கும் லைசென்ஸ் கிடையாது :-) ஊர்ல இருக்கறவங்க செபியில பதிவு செஞ்ச ஆலோசகரான்னு பாத்துக்குங்க. உங்க வெள்ளிக்கிழமைக் கதையைப் பின்னூட்டத்துல சொல்லுங்க.