மட்டக்குதிரை வாங்கும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்?



இராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி நீளும் நம் பகுதியின் சந்துகளில் மட்டக்குதிரை ஒன்று சுவரோரமாகக் கட்டப்பட்டிருப்பதைக் காண்பது அரிதன்று. ஒரு பக்கம் இரு சக்கர வாகனங்கள் நிற்கும். மறு பக்கம் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருக்கும். நடுவில் அது நிற்கும். அதன் உரிமையாளர் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை. ஆடி மாதம் அந்தியூரில் கூடும் சந்தையில் வாங்கியிருப்பான், அல்லது கைமாறிக் கைமாறி அவனிடம் வந்திருக்கும். கைபேசியில் நாலைந்து காணொளிகளைப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்திற்குள் வண்டியில் பூட்டிவிடுகிறான். பெற்றோர் இதை வீண் ஆசை என்கின்றனர். ஜமாஅத்துப் பெரியவர்களோ இதைத் தறுதலைத்தனம் என்கின்றனர். இரண்டு தீர்ப்புகளையும் நாம் ஏற்கவில்லை. அந்த ஆசை பழுதற்றது. அதற்கு வழிகாட்ட ஒருவரும் முன்வராமல் இருப்பதே பழுது.

குதிரையின் மீது பிள்ளைகளுக்கு உண்டாகும் ஈர்ப்பு நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதற்கு, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என்று அன்னையவர்கள் பதில் சொன்னதையும், நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததையும் அபூதாவூத் பதிவு செய்துள்ளது. குதிரைகளின் நெற்றி முடியில் மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்துள்ள நபிமொழியை நம்மில் அறியாதவர் குறைவு. ஆனால் புகாரியில் உள்ள மற்றொரு செய்தியை யாரும் மேடையில் எடுத்துச் சொல்வதில்லை. குதிரை ஒருவருக்கு நற்கூலியாகவும், ஒருவருக்கு வறுமையை மறைக்கும் திரையாகவும், ஒருவருக்குப் பாவச் சுமையாகவும் அமையும் என்கிறது அது. விலங்கு ஒன்றுதான், வைத்திருப்பவரின் எண்ணமும் நடத்தையுமே அதை மூன்றாகப் பிரிக்கின்றன. பெருமைக்காகவும் பிறருக்குக் காட்டுவதற்காகவும் வளர்ப்பவரே மூன்றாம் வகையினர். நம் சந்துகளில் கட்டப்பட்டுள்ள மட்டக்குதிரைகள் எந்த வகையில் சேரும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

நம் சமூகத்திற்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. ராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அங்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்த ஒரு செய்தி இன்றும் உறுத்துகிறது. அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாது என்றும் அவர் குறிப்பிடுகிறார். வளர்க்கத் தெரியாமையும், லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவர் இல்லாமையுமே அதற்குக் காரணமாம். இதைவிடக் கொடியது அடுத்த செய்தி. குதிரை வணிகர்கள் அத்தகைய வைத்தியர்களைத் தாமும் அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் தடுத்தார்கள். குதிரைகள் செத்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்! வெளியூர்ப் பயணியின் மிகைப்படுத்தல் இதில் ஓரளவு கலந்திருக்கலாம். ஆயினும் அந்த வணிகர்களில் பெரும்பாலோர் கலிமாச் சொன்னவர்கள் என்பதை மறைத்து, அரபுக் குதிரை வணிகத்தின் பெருமையை மட்டும் விழா மலர்களில் எழுதிக்கொண்டிருப்பது நேர்மையாகாது.

தம்மிடம் கேட்கப்பட்ட கல்வியை மறைப்பவருக்கு மறுமையில் நெருப்பாலான கடிவாளம் பூட்டப்படும் என்ற எச்சரிக்கை அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. மார்க்கக் கல்வியைக் குறித்தே அறிஞர்கள் இதனை விளக்குகின்றனர். இருந்தாலும், தண்டனைக்கு உவமையாகக் கடிவாளம் வந்திருப்பதைப் படிக்கும்போது காயல் துறைமுகத்து வணிகர்கள் நம் நினைவுக்கு வராமல் போவதில்லை.

நம் பகுதிக்கு வருவோம். 1856-இல் இராயபுரம் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. இரயிலில் வந்து இறங்கியோரைக் கொண்டு சேர்த்த வாகனங்களில் ஜட்காவுக்கும் பெரும்பங்கு உண்டு. ஜட்கா என்ற சொல்லே தக்கினி உருதுவிலிருந்து வந்தது. அதை ஓட்டியவர்களிலும் நம்மவர்கள் பலர் இருந்தனர். அந்தக் கூண்டு வண்டியை இழுத்தது பெரிய குதிரையன்று, மட்டக்குதிரைதான். ஆட்டோ ரிக்‌ஷாக்கள் பெருகப் பெருக ஜட்கா மறைந்தது. ஓட்டியவர்களும் ஒவ்வொருவராக மண்ணறைக்குச் சென்றுகொண்டிருக்கின்றனர். ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்து பழகிய சிறுவர்கள் சிலர் இன்று எழுபது, எண்பது வயது முதியவர்களாகப் பள்ளிவாசல் முன்வரிசையில் தொழுதுகொண்டிருக்கிறார்கள்.

அவர்களிடம் இருப்பது வெறும் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். ஜட்காவில் ஏறியவர்களை, "கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க, பாரம் பின்னாடி இழுக்குது" என்று வண்டிக்காரர் அதட்டுவது வழக்கம். அது வெறும் அதட்டலன்று. இரு சக்கர வண்டியில் பாரம் முன்னால் சாய்ந்தால் ஏர்க்கால்கள் இரண்டும் குதிரையின் முதுகை அழுத்தும். பின்னால் சாய்ந்தால் ஏர்க்கால்கள் மேலெழும்பி, வயிற்று வார் அடியிலிருந்து குதிரையைத் தூக்கும். இரண்டும் இல்லாமல் ஏர்க்கால்கள் மிதப்பதுபோல் நின்றால்தான், குதிரையின் வலிமை முழுவதும் இழுப்பதற்கு மட்டும் செலவாகும். நம் பிள்ளைகள் இன்று குழாய்களைப் பற்றவைத்துத் தாமே செய்துகொள்ளும் வண்டிகளில் இந்தச் சமநிலையைப் பார்ப்பவர் எத்தனை பேர்?

மட்டக்குதிரையில் வளர்ந்த ஆள் ஏறிச் சவாரி செய்வது அதன் முதுகெலும்புக்குக் கேடு. அதே குதிரை, சமதரையில், இலகுவான வண்டியில் அந்த ஆளை வருத்தமின்றி இழுத்துச் செல்லும். பாரத்தைச் சக்கரம் தாங்கிக்கொள்கிறது அல்லவா? அதனால்தான் மேலை நாடுகளில் இடுப்புயரம்கூட இல்லாத குறுங்குதிரைகளை வைத்திருப்போரும் சவாரியை விட்டுவிட்டு வண்டியோட்டக் கற்கின்றனர். அவர்கள் கற்கும் முறையும் நம் ஜட்காக்காரர்களின் முறையும் ஏறக்குறைய ஒன்றே என்பது வியப்பளிக்கிறது. முதலில் வண்டியே கிடையாது. இரண்டு நீண்ட வார்களைப் பிடித்துக்கொண்டு குதிரையின் பின்னால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்க வேண்டும். ஓடச் சொல்வதற்கு முன் நிற்கச் சொல்ல வேண்டும். வண்டியில் பூட்டும்போது அசையாமல் நிற்கத் தெரியாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. பிறகு ஒரு பழைய டயரைக் கட்டி இழுக்கவிட்டு, பின்னால் வரும் ஓசைக்குப் பழக்குவார்கள். வண்டி வருவது அதற்கும் பிறகுதான். சுழலும் சக்கரத்தைக் கண்டு மிரளாதிருக்கக் கண்ணோரத்தில் மறைப்பு உண்டு. மார்பு வார் மூச்சுக் குழலை நெரிக்காமலும் தோள் மூட்டை உரசாமலும் இரண்டுக்கும் நடுவே அமைய வேண்டும். பின் தொடையைச் சுற்றிவரும் வார் இல்லையென்றால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அது குதிரையின் பின்னங்கால்களில் வந்து மோதும். அந்த வாரைச் சிலர் அலங்காரம் என்று கழற்றிவிடுகிறார்கள். வண்டிக்கு அதுதான் பிரேக் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

தீவனத்திலும் இதே நிலைதான். கொள்ளு வலிமை தரும் என்று கேள்விப்பட்டு அள்ளிக் கொட்டுகிறார்கள். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. தவறான தீவனம் வயிற்றில் தங்கினால் உருண்டு புரண்டு உயிரை விடும். மட்டக்குதிரைக்குச் சிறிது தீவனமே உடம்பில் ஒட்டும். மிகுதியானால் குளம்பின் உட்பகுதி வீங்கி, ஓர் அடி வைக்கவும் முடியாமல் நின்றுவிடும். அதற்கு முதன்மையான உணவு புல். காலில் ஏறிய ஒரு துருப்பிடித்த ஆணி போதும், டெட்டனஸ் வந்துவிட. துறைமுகச் சாலைகளில் ஆணிக்கா பஞ்சம்!

எண்ணூர் விரைவுச் சாலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை அது. 2023 டிசம்பரில் முதலில் எண்ணெய்க் கசிவு, பிறகு அம்மோனியாக் கசிவு என்று ஒரே மாதத்தில் எண்ணூர் மக்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. மனிதருக்கே மூச்சு முட்டும் இடத்தில், லாரி ஹாரனுக்குப் பழகாத ஓர் உயிரை, தார்ச் சாலையில், சாட்டை கொண்டு விரட்டுவதை எந்தப் பெயரிட்டும் நியாயப்படுத்த முடியாது. சென்னையைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் விடியற்காலையில் அனுமதியின்றிப் பந்தயம் நடப்பது அவ்வப்போது செய்தியாகிறது. தென் மாவட்டங்களில் பெரிய குதிரை, நடுக்குதிரை, சிறிய குதிரை என்று பிரித்து நடத்தும் பந்தயங்களைப் பார்த்து எழுந்த ஆசை இது.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களும் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்று பிள்ளைகள் வாதிடக் கேட்டிருக்கிறோம். உண்மைதான். புகாரியில் அச்செய்தியை முழுமையாகப் படிக்க வேண்டும். முறைப்படி பயிற்சியளித்து உடலை இறுக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல் தொலைவு. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் மட்டுமே. எந்தக் குதிரை எவ்வளவு ஓடலாம் என்பதைப் பயிற்சியே தீர்மானித்தது. வெளியில் நின்று பணம் கட்டுவோரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, அது சூதாட்டம். குதிரைப் பந்தயம் திறமைக்குரிய விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. அது நாட்டுச் சட்டத்தின் அளவுகோல். ஹலால், ஹராம் பற்றிய கேள்விக்கு விடை அங்கே இல்லை.

நாட்டுச் சட்டத்திலும் பிள்ளைகள் அறிய வேண்டியவை உள்ளன. 1965-இன் விதிகளின்படி, வண்டி இழுக்கும் விலங்கிடம் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைக் கடந்தால் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. சென்னைக் கோடையில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மும்பையில் நம்மவர் பலரின் பிழைப்பாக இருந்த விக்டோரியா வண்டிகளை 2015-இல் உயர் நீதிமன்றம் தடை செய்தது. குதிரைகள் படும் அவதியை முன்வைத்தே அந்த வழக்குத் தொடுக்கப்பட்டது. தடை தவறு என்று கூக்குரலிடுவது எளிது. அந்த லாயங்களை ஒழுங்காக வைத்திருந்தால் வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிக்காஹ் ஊர்வலங்களையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். விலங்குகளின் முதுகை மேடையாக்கிக்கொள்ளாதீர்கள் என்ற பொருளில் நபிமொழி இருக்க, மேளமும் வெடியும் முழங்க, ஒரு மட்டக்குதிரையின் மேல் வாட்டசாட்டமான மாப்பிள்ளையை ஒரு மணி நேரம் உட்காரவைப்பது எந்த சுன்னத் என்று நமக்கு விளங்கவில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? குதிரையைப் பிடுங்கி விற்றுவிடுவது தீர்வன்று. விற்ற குதிரை இன்னும் மோசமான கைக்குப் போகும், பிள்ளை அடுத்த சந்தையில் இன்னொன்றை வாங்குவான். நம் பகுதி ஜமாஅத்துகள் ஒன்றுகூடி, வண்டியோட்டத் தெரிந்த முதியவர்களில் எஞ்சியிருப்போரைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஞாயிறுதோறும் ஃபஜ்ருக்குப் பின், சாலையிலிருந்து விலகிய ஒரு மண்தரையில், குதிரை வைத்திருக்கும் பிள்ளைகள் எந்தச் சமயத்தவராயினும் வந்து கற்கலாம் என்று அறிவிக்க வேண்டும். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது; பல்கலைக்கழகத் தலைமையகமும் மாதவரத்தில்தான். மாதம் ஒருமுறை மருத்துவர் ஒருவரை அழைப்பது எட்டாத காரியமன்று. நீண்ட வாரைப் பிடித்து மூன்று மாதம் நடந்து முடிக்காத எவரும் வண்டியைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையும் வேண்டும். பாதிப் பேர் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவர். நிற்கட்டும், அவர்கள் குதிரையை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. ஜட்கா திரும்பி வரப்போவதும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டதாக முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. குதிரையைக் கவனிப்பது குறித்து இரவில் தமக்குக் கண்டிப்பு வந்ததாக அதற்குக் காரணமும் கூறினார்கள். வாயில்லாத ஓர் உயிரைப் பொறுமையுடன் பழக்கத் தெரிந்த பதினெட்டு வயதுப் பிள்ளை நம் சந்தில் ஒருவன் இருப்பது எதற்குப் பயன்படும் என்பதை அவனுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர்கள் சொல்லட்டும்.

இந்த ரபீஉல் அவ்வல் கூட்டங்களுக்கு மேடையும் மின்விளக்கும் அமைக்க வசூலிக்கும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும், நாலு நல்ல சேணமும், லாடம் அடிப்பவருக்கு ஓராண்டுக் கூலியும் வந்துவிடும். முன்வரிசையில் தொழும் அந்த முதியவர்களிடம் யார் முதலில் போய்ப் பேசுவது என்பதை மட்டும் வரும் ஜும்ஆவுக்குள் முடிவு செய்யுங்கள். அவர்களில் சிலருக்கு எழுந்து நடப்பதே இப்போது சிரமமாக இருக்கிறது.